அறுபத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு புள்ளி

தேசிய நூல் வெளியீட்டுத் தொழில் எப்படி இயங்குகிறது என்பதை ஆராய அமைக்கப்பட்ட ஆணையம், தன் முதல் கூட்டத்திலேயே ஒரு சிக்கலைக் கண்டுபிடித்தது. தொழில் இயங்கிக்கொண்டே இருந்தது. காலையில் எண்ணி முடித்த புத்தகங்களோடு மாலைக்குள் இன்னும் நாலைந்து சேர்ந்துவிட்டன. ஓடுகிற வண்டியில் சக்கரத்தின் ஆரங்களை எப்படி எண்ணுவது என்று கேட்டார் புள்ளியியல் உறுப்பினர். வண்டியை நிறுத்தினார்கள். ஆராய்ச்சி முடியும்வரை நாட்டில் புதிய புத்தகம் எதுவும் வெளிவரக் கூடாது என்று ஆணை பிறந்தது.

அடுத்த கூட்டத்தில் ஒரு உறுப்பினர், எதுவுமே இயங்காவிட்டால் எதை ஆராய்வது என்று கேட்டுவிட்டார். அதற்கடுத்த கூட்டத்துக்கு அவரை அழைக்கவில்லை. ஆனால் கேள்வி நடவடிக்கைக் குறிப்பில் ஏறிவிட்டது, அழிக்க முடியவில்லை. ஆகவே ஒரு விதிவிலக்கு செய்தார்கள். குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்படும் ஒரே ஒரு புத்தகம் மட்டும் வெளிவரலாம். அது கடைக்குப் போவதையும் வாசகர் கைக்குச் சேருவதையும் ஆணையம் பக்கத்திலிருந்து பார்க்கும். அதற்கு 'மாதிரி நூல்' என்று பெயர் வைத்தார்கள். மாதிரி நூலின் இயல்பு நிலையைக் கலைப்பவர்களுக்கு இரண்டு வருடச் சிறை, கலைக்கிற பதிப்பகத்துக்கு உரிமம் ரத்து.

குலுக்கலில் விழுந்தது 'காய்ச்சல் வந்த குழந்தை' என்ற கையேடு. நூற்றுப் பன்னிரண்டு பக்கம், சாதா அட்டை. எழுதியவள் அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் இருபத்திரண்டு வருடமாகச் செவிலி. அதை வெளியிடவிருந்த சின்னப் பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துபவர் அவளுடைய அண்ணன். வாக்கியம் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் ஒரு காற்புள்ளி போட்டுவிடுவார் என்பதால் அச்சகத்தில் எல்லோரும் அவரைக் கமா என்று கூப்பிட்டார்கள். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். பதினேழு வருடமாக ஒரே மேஜை, ஒரே நாற்காலி, ஒரே சிவப்புப் பேனாக் கம்பெனி.

இருநூற்று நாற்பது பிரதிகள் அச்சடிக்கச் சொன்னது ஆணையம். பன்னிரண்டு கடைகள், கடைக்கு இருபது. திங்கட்கிழமை மாலை ஆணையத்தின் வண்டி வந்து அத்தனை பிரதிகளையும் எண்ணி, கட்டி, அரக்கு வைத்து எடுத்துப்போனது. வியாழக்கிழமை காலை கடைகளில் வைக்கப்படும் என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் கமா வேலைக்கு வந்தார். அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் மிச்சம் விழுந்த தாள்கள் கிடந்தன. அதில் ஒன்றை எடுத்து மடித்து, தங்கையின் எழுத்து அச்சில் எப்படி இருக்கிறது என்று ஆசையாகப் பார்த்தார். அறுபத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு அட்டவணை. ஆறு மாதக் குழந்தை, காய்ச்சல் மருந்து, ஒரு வேளைக்கு: 25 மி.லி.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். 25 தான்.

கையெழுத்துப் பிரதியை எடுத்தார். தங்கையின் உருண்டை எழுத்தில் 2.5 என்று இருந்தது. கடைசி மெய்ப்பை எடுத்தார். அதில் புள்ளி விட்டுப்போயிருந்தது. அதற்கு இரண்டு வரி மேலே அவர் சிவப்பில் ஒரு காற்புள்ளி சேர்த்திருந்தார். பக்கத்தின் அடியில் 'சரி பார்த்தேன்' என்று அவருடைய கையெழுத்து இருந்தது.

தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனார்.

முதலாளி தாளைப் பார்த்தார். கதவைச் சாத்தினார். "மெதுவாப் பேசு" என்றார், கமா இன்னும் எதுவுமே பேசவில்லை.

"வியாழக்கிழமை கடைக்குப் போயிடும், சார். அதுக்குள்ள ஒரு திருத்தச் சீட்டு அடிச்சு ஒட்டிடலாம். அரை நாள் வேலை."

"ஒட்டினா இயல்பு நிலை கலைஞ்சுதுன்னு உரிமத்தைப் பிடுங்கிடுவான். பதினோரு பேர் இங்க வேலை பார்க்கறீங்க, பார்த்துக்கோ. நீ போய் ஆணையத்துல சொல்லு. நல்ல மனுஷங்களா இருப்பாங்க. குழந்தை விஷயம் இல்லையா."

ஆணையத்தின் அலுவலகம் நாலாவது மாடியில் இருந்தது. வரவேற்பு மேஜைக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு வரைபடம். பெட்டி பெட்டியாக வரைந்து அம்புக்குறி போட்டிருந்தார்கள். எழுத்தாளர், பதிப்பாளர், அச்சகம், கடை, வாசகர். அச்சகத்துக்கும் கடைக்கும் நடுவே ஆணையத்துக்கு ஒரு பெட்டி. அது மற்றதைவிட மூன்று மடங்கு பெரிதாக இருந்தது.

"மாதிரி நூல் விஷயமா வந்தேன். அதுல ஒரு தப்பு இருக்கு. உடனே திருத்தணும்" என்றார் கமா.

வரவேற்பில் இருந்த பெண் பேனாவைத் திறந்தாள். "நீங்க இதுல யாரு?"

"ப்ரூஃப் பார்க்கிறவன்."

அவள் திரும்பி வரைபடத்தை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தாள். "அப்படி ஒரு பெட்டி இல்லையே."

"பதிப்பாளருக்கும் அச்சகத்துக்கும் நடுவுல வரும்மா."

"நடுவுல அம்புதான் இருக்கு." அவள் இரக்கத்தோடுதான் சொன்னாள். "உங்களை 'இதர'ன்னு போட்டுடறேன். இதரவுக்கு நாளைக்குப் பதினோரு மணி. முழு ஆணையமும் உக்காரும். அதிர்ஷ்டம்னு நினைச்சுக்கோங்க."

புதன்கிழமை பத்தரைக்கே போய் உட்கார்ந்துவிட்டார். கூட்ட அறையில் நீள மேஜை, உறை போட்ட நாற்காலிகள். தலைவரின் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி அலமாரி. அதற்குள் இருநூற்று நாற்பது பிரதிகளும் கட்டுக்கட்டாக, அரக்கு முத்திரையோடு இருந்தன. ஐந்து எட்டு வைத்தால் தொட்டுவிடலாம். கமாவின் சட்டைப்பையில் சிவப்புப் பேனா இருந்தது. அலமாரியின் இருபக்கமும் இரண்டு காவலர்கள் நின்றார்கள்.

முதல் பொருள், நாளை நடக்கும் தொடக்க விழாவுக்கு நாற்காலி உறை எந்த நிறம் என்பது. அது ஒன்றே கால் மணி நேரம் போனது. கமாவின் விஷயம் ஒன்பதாவது.

"சொல்லுங்க, இதர" என்றார் தலைவர்.

கமா எழுந்து நின்று சொன்னார். ராத்திரி முழுக்கத் தூங்காமல் யோசித்து வைத்திருந்ததால் சுருக்கமாகவே சொன்னார். இரண்டரை என்பது இருபத்தைந்து ஆகிவிட்டது. பத்து மடங்கு. யாராவது அதைப் பார்த்துக் கொடுத்தால் குழந்தை செத்துப்போகும்.

நாலைந்து பேர் குறிப்பு எடுத்தார்கள். கமாவுக்கு நம்பிக்கை வந்தது. துணைச் செயலாளர் தொண்டையைச் செருமினார்.

"இது எழுத்துப்பிழையா, எண்பிழையா? ரெண்டுக்கும் தனித்தனி உட்குழு."

"புள்ளி விட்டுப்போச்சு, சார்."

"புள்ளி எழுத்தும் இல்ல, எண்ணும் இல்லையே."

மொழி உறுப்பினர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆணையம் அமைத்ததிலிருந்து அவரிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. "புள்ளி நம்ம மொழியோட அழகு" என்று தொடங்கினார். "மெய்யெழுத்து இருக்கு பாருங்க, தலைமேல புள்ளியோட. அந்தப் புள்ளியை எடுத்துட்டா என்ன ஆகுது? உயிர்மெய் ஆயிடுது. அதாவது புள்ளி போனா உயிர் வருது. இவர் உயிர் போகும்ங்கறார். இலக்கணத்துல அதுக்கு இடமே இல்ல."

உறுப்பினர்கள் மேஜையைத் தட்டினார்கள்.

"இது எழுத்து இல்லங்க, மருந்து" என்றார் கமா.

புள்ளியியல் உறுப்பினர் பொறுமையானவர். குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். "நீங்க ஒண்ணைப் புரிஞ்சுக்கணும். தொழில் எப்படி இயங்குதுன்னு பார்க்கத்தான் எங்களைப் போட்டிருக்கு. தப்பைத் திருத்திட்டுப் பார்த்தா, எப்படி இயங்கணுமோ அதைத்தான் பார்ப்போம். அது வேற ஆணையத்தோட வேலை. இன்னும் அமைக்கல."

"அதுவரைக்கும் குழந்தைங்க?"

"அதுவும் தரவுதான்" என்றார் புள்ளியியல் உறுப்பினர். பிறகு அந்தச் சொல் கொஞ்சம் அதிகமோ என்று தோன்றியிருக்க வேண்டும், தண்ணீர் குடித்தார்.

தலைவர் கையை உயர்த்தினார். எல்லோரும் அடங்கினார்கள்.

"நான் இதுக்கு முன்னாடி பாலங்கள் ஆணையத்துல இருந்தேன்" என்றார். "ஒரு பாலம் ஏன் ஆடுதுன்னு ஆராயச் சொன்னாங்க. ஆராய்ச்சி முடியறவரைக்கும் பாலத்துல கைய வைக்கக் கூடாதுன்னுட்டேன். இன்ஜினீயர் வந்து அழுதான். ஒரு ஆணி அடிக்க விடல. கடைசில விழுந்துச்சு. ஆனா எப்படி விழுந்துச்சுன்னு நம்மகிட்ட இருக்கிற மாதிரி குறிப்பு உலகத்துல எங்கயும் கிடையாது. அதைப் பார்த்துத்தான் என்னை இங்க போட்டாங்க. புத்தகம் படிச்சு எனக்கு முப்பது வருஷம் ஆச்சு. படிக்கிறவனைப் போட்டிருந்தா ஒரு பக்கமாச் சாஞ்சிருப்பான்." கமாவைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தார். "நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க. எங்க மதிப்பீட்டுப்படி இந்தப் புத்தகத்தை யாரும் படிக்கப்போறதில்ல. அப்படி ஒருத்தர் படிச்சுட்டா, அதுவே பெரிய கண்டுபிடிப்பு."

தீர்மானம் எழுதப்பட்டது: 'புள்ளியின் இன்மையை ஆணையம் கவனத்தில் கொண்டது.' கூடவே ஒரு வரி சேர்த்தார்கள். நூலாசிரியரோ பதிப்பாளரோ அச்சகத்தாரோ கடைகளின் பக்கம் வரக் கூடாது. மூவரின் புகைப்படங்களும் பன்னிரண்டு கடைகளுக்கும் அனுப்பப்படும். மெய்ப்புத் திருத்துபவருக்குப் பெட்டி இல்லாததால் அவருக்குத் தடையும் இல்லை. அதை அந்த அறையில் யாரும் கவனிக்கவில்லை, கமா உட்பட.

அங்கிருந்து நேராக மருத்துவமனைக்குப் போனார். தங்கையிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை. ஊரே அவளைச் சிஸ்டர் என்று கூப்பிடும், அப்படிக் கூப்பிட முழு உரிமையுள்ள அவர் மட்டும் 'ஏய்' என்பார். இன்றைக்கு அதுவும் வாயில் வரவில்லை. குழந்தைகள் பிரிவின் நடைபாதையில், துணி உலர்த்தும் ஜன்னலோரம் நின்று தாளை நீட்டினார்.

அவள் படித்தாள். பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

"நான் விட்டுட்டேன். கையெழுத்துக்கூடப் போட்டிருக்கேன்" என்றார் கமா.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "ஈரல் போயிடும், அண்ணா" என்றாள். "முதல்ல ஒண்ணுமே தெரியாது. காய்ச்சல் விட்டுடும். குழந்தை நல்லாத் தூங்கும். அம்மாக்காரி நிம்மதியா இருப்பா. ரெண்டு நாள் கழிச்சுத் தூக்கிட்டு வருவாங்க. அப்ப நம்மால ஒண்ணும் பண்ண முடியாது."

உள்ளே ஒரு குழந்தை அழுதது. அவள் பழக்கத்தில் எழுந்து, வேறொருத்தி போவதைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

"எத்தனை புத்தகம்?"

"இருநூத்தி நாப்பது." ஆணையத்தின் தீர்மானத்தையும் புகைப்பட விஷயத்தையும் சொன்னார்.

"ஒரு புள்ளி வெக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"என்ன சொல்றே நீ? ரெண்டு வருஷம் உள்ள போடுவான்."

"என் போட்டோவத்தானே கடையில ஒட்டப்போறான். உன்னோடது இல்லையே." அவள் அவருடைய சட்டைப்பையைப் பார்த்தாள். "பேனா இருக்குல்ல. நான் நாளைக்கு லீவு போடறேன். ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போறேன். நீ உள்ள போ."

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு முதல் கடை திறந்தது. வாசலிலேயே மாதிரி நூலுக்கு ஒரு தனி மேஜை. பக்கத்தில் முக்காலியில் ஆணையத்தின் கண்காணிப்பாளர், கழுத்தில் அட்டை, மடியில் பதிவேடு. சுவரில் மூன்று புகைப்படங்கள். தங்கையின் படம் அவளுடைய மருத்துவமனை அடையாள அட்டையிலிருந்து எடுத்தது, யாரையோ கொன்றுவிட்டு வந்தவள்போல் இருந்தாள்.

கமா முதல் பிரதியை எடுத்தார். அவசரத்தில் அறுபத்து மூன்றாம் பக்கத்தைத் தாண்டி எழுபதுக்குப் போய்விட்டார். திரும்பி வந்தார். பேனாவைத் திறந்து, இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவே ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார். மூடி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "சார், வாங்காம புத்தகத்துல எழுதறீங்களே."

"குறுக்கிடாதீங்க" என்று கண்காணிப்பாளர் அவரை அடக்கினார். "ஏழாவது விதி. வாசகர் என்ன பண்ணாலும் தடுக்கக் கூடாது. அவர் இயல்பா இருக்கார்."

கமாவின் முதுகில் வியர்வை ஓடியது. இயல்பாக இருபது புள்ளிகளும் வைத்துவிட்டு வெளியே வந்தார். ஸ்கூட்டர் தெரு முனையில், தலைக்கவசத்தைக் கழற்றாமல் தங்கை. "முடிஞ்சுதா?" என்றாள். "ஏறு."

இரண்டாவது கடை, மூன்றாவது கடை. நாலாவது கடையில் கண்காணிப்பாளர் எண்பத்து நாலு கேள்விகள் கொண்ட படிவத்தை நீட்டினார். அதைப் பூர்த்தி செய்பவர்தான் விதிப்படி வாசகர். 'நூலைத் தொடும்போது என்ன உணர்ந்தீர்கள்?' என்ற கேள்விக்குக் கமா 'பயம்' என்று எழுதினார். எழுதாவிட்டால் சந்தேகப்படுவார்களோ என்று அதற்குப்பின் எல்லாக் கடையிலும் எழுதினார். அதில் நேரம் போனது.

எட்டாவது கடையில் கண்காணிப்பாளர் தன்னைப் பார்த்ததும் தொலைபேசியை எடுப்பதைக் கமா கவனித்தார். தப்பித்து ஓடலாமா என்று ஒரு கணம் கால் வாசலைப் பார்த்துத் திரும்பியது. இன்னும் எண்பதுக்கு மேல் பாக்கி இருந்தது. திரும்பி வந்து புள்ளி வைத்தார்.

ஒன்பதாவது கடைக்கு எதிரே ஆணையத்தின் கறுப்புக் கார் நின்றது. பின்கண்ணாடிக்குள் தலைவரின் வழுக்கைத் தலை தெரிந்தது. பக்கத்தில் மொழி உறுப்பினர். புள்ளியியல் உறுப்பினர் மட்டும் இறங்கி, ஒரு அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

கமா நேற்று இதே ஆளின் முன்னால்தான் நின்று பேசியிருந்தார். முகத்தைப் புத்தகத்துக்குள் புதைத்துக்கொண்டு புள்ளி வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. அலமாரிக்குப் பின்னாலிருந்து மூச்சுச் சத்தம் கேட்டது.

"கிட்டப் போகாதீங்க" என்று புள்ளியியல் உறுப்பினர் கண்காணிப்பாளரிடம் கிசுகிசுத்தார். "கலைஞ்சு போயிடுவார். காலையில இருந்து ஒன்பது கடை. இப்படி ஒரு வாசகர் இருக்கார்னு சொன்னா வெளிநாட்டுல நம்ப மாட்டாங்க." அவருடைய குரல் தழுதழுத்தது. "எந்தப் பக்கம் படிக்கிறார்னு குறிச்சுக்கோங்க."

"எப்பவும் அறுபத்து மூணுதான், சார்."

"அதேதானா?"

"அதேதான். வேற பக்கத்தைத் திறக்கறதே இல்ல."

பத்தாவது கடைக்கும் கார் வந்தது. பதினொன்றுக்கும் வந்தது. ஸ்கூட்டர் முன்னால் போக, கொஞ்சம் இடைவெளி விட்டு, பறவை பார்க்கப் போகிறவர்களின் பொறுமையோடு பின்னால் வந்தது. தங்கை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. "கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்று மட்டும் சொன்னாள். மதியச் சாப்பாட்டு நேரம் வந்ததும் ஆணையத்தின் கார் திரும்பிவிட்டது. ஆராய்ச்சி ஒன்றிலிருந்து இரண்டுவரை நடக்காது.

பன்னிரண்டாவது கடைக்கு வரும்போது ஒன்றே கால். அதை நடத்தியது ஒரு அம்மாள். கண்காணிப்பாளர் முக்காலியில் உட்கார்ந்தபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கமா மேஜையில் இருந்த பிரதிகளுக்கு ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்தார். பத்தொன்பதோடு தீர்ந்துவிட்டது. மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். அடுத்த அலமாரியில் பார்த்தார்.

"இன்னொண்ணு எங்க?" என்றார்.

"வித்துப்போச்சு" என்றார் கடைக்கார அம்மாள்.

"எப்போ?"

"பதினோரு மணி இருக்கும். ஒரு பொண்ணு. இடுப்புல குழந்தை. குழந்தைக்குக் கொதிச்சுது பாவம்."

கமா கண்காணிப்பாளர் பக்கம் திரும்பினார். "அவங்க பேரு, விலாசம்?"

"படிவம் எழுதல, சார்" என்றார் அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, குறைபட்டுக்கொள்ளும் குரலில். "எண்பத்து நாலு கேள்விதான், உக்காருங்கன்னேன். குழந்தை அழுவுதுன்னு கிளம்பிட்டா. இப்ப அதை எந்தக் கட்டத்துல போடறதுன்னு தெரியாம முழிச்சிட்டு இருக்கேன்."

கடைக்கார அம்மாள் கமாவின் முகத்தைப் பார்த்தார். எதிர்ச்சாரியைக் கைகாட்டினார். "நேரா அந்த மருந்துக் கடைக்குத்தான் போனா. அவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

மருந்துக் கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. காய்ச்சல் மருந்து ஒரு பாட்டில் வாங்கினாள். துணி ஆலையில் வேலை. தையல் கடைக்கு மேலே மாடி, மூன்றாவது தெரு. அவர் வழி சொல்லி முடிக்கும் முன்பே ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது. தங்கை மூச்சுக்குள் ஏதோ எண்ணிக்கொண்டே ஓட்டினாள். பதினொன்றிலிருந்து இரண்டரை மணி நேரம். மருத்துவமனைக்குப் பத்து நிமிடம். வயிற்றைக் கழுவ இன்னும் நேரம் இருக்கிறதா, இல்லையா. கமாவுக்கு அவளுடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. தான் வாழ்நாளில் போட்ட அத்தனை காற்புள்ளிகளையும் திருப்பிக் கொடுத்து ஒரே ஒரு புள்ளியை வாங்கிக்கொள்ள முடிந்தால் போதும் என்று நினைத்தார்.

தையல் கடையின் பக்கவாட்டில் இரும்புப் படி. இரண்டிரண்டாக ஏறினாள் தங்கை. கதவைத் தட்டினார்கள். ஒரு பெண் திறந்தாள். முப்பது வயதிருக்கும்.

"சத்தம் போடாதீங்க. இப்பதான் தூங்குது" என்றாள்.

கமா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நான் நர்ஸ்" என்று சொல்லிக்கொண்டே தங்கை உள்ளே போய்விட்டாள். பாயில் குழந்தை கிடந்தது. நெற்றியில் கை வைத்தாள், இமையைத் தூக்கிப் பார்த்தாள். "மருந்து குடுத்தீங்களா?"

"குடுத்தேனே."

"எவ்வளவு?"

"யாருங்க நீங்கல்லாம்?"

"எவ்வளவுன்னு சொல்லும்மா."

"ரெண்டரை மில்லி" என்றாள் அந்தப் பெண்.

தங்கை அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் அந்தப் பெண்ணைப் பார்த்தார். "புத்தகத்துல இருபத்தஞ்சுன்னு இருக்கே" என்றார்.

"ஆமா, இருந்துச்சு. ஆனா அதுக்கு முந்தின பக்கத்துல அரை டீஸ்பூன்னு எழுதியிருக்கே. ரெண்டுல ஒண்ணு தப்புதானே? பாட்டில்ல வேற பாத்தேன், இருபத்தஞ்சுன்னா கால் பாட்டில் காலியாயிடும். சரி, நடுவுல ஒரு புள்ளியை விட்டுட்டாங்கன்னு நானே வெச்சுட்டேன்." ஜன்னல் விளிம்பிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினாள். நீலப் பேனாவில் ஒரு புள்ளி. "எவனோ பாக்காம விட்டிருக்கான்."

"நான்தான்" என்றார் கமா.

அவர் உட்கார்ந்துவிட்டார். எதில் என்று தெரியாமலேயே, அது ஒரு துணி மூட்டை. ஆலையில் அந்தப் பெண்ணுக்கு வேலை, தறியிலிருந்து இறங்கும் துணியில் விட்டுப்போன இழையைக் கண்டுபிடிப்பது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் அதைத்தான் பார்க்கிறாள் என்று பிறகு பேச்சில் தெரிந்தது.

"இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றாள்.

கமா தலையாட்டினார்.

"நாப்பத்தோராம் பக்கத்துலயும் ஒண்ணு இருக்கு, சார்" என்றாள், அவர் மனம் நோகக் கூடாது என்று தயங்கி. "'வாந்தி'க்குக் கால் போடல. 'வந்தி'ன்னு இருக்கு. பரவாயில்ல, அது யாரையும் ஒண்ணும் பண்ணாது."

தங்கை சிரிக்கத் தொடங்கினாள். குழந்தை விழித்துவிடக் கூடாதே என்று புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கமா புத்தகத்தை வாங்கி நாற்பத்தோராம் பக்கத்தைப் பார்த்தார். வந்திதான்.

ஆணையத்தின் அறிக்கை பதினான்கு மாதம் கழித்து, எழுநூறு பக்கத்தில், பட்டு நாடா கட்டி வெளிவந்தது. அதுவரை நாட்டில் வேறு புத்தகம் வரவில்லை என்பதால் நல்ல கூட்டம். பதிப்பகங்களுக்கெல்லாம் அழைப்பு போயிருந்தது. கமாவும் தங்கையும் கடைசிக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

தலைவர் ஒலிபெருக்கியைச் சரிசெய்துகொண்டார். "நம்ம நாட்டுல வாசகர் இல்லைன்னு சொல்லிட்டு இருந்தாங்க. நானே சொல்லியிருக்கேன். வெட்கப்படறேன். இன்னைக்கு வாசகர் யாருன்னு எங்களுக்குத் தெரியும். ஆண். ஐம்பது வயசு. கண்ணாடி போட்டிருப்பார். ஒரு நாளைக்கு இருநூறு புத்தகத்துக்கு மேல படிப்பார். ஒவ்வொண்ணுலயும் அறுபத்து மூணாம் பக்கத்தை மட்டும்தான் படிப்பார். படிக்கும்போது வியர்க்கும். அவ்வளவு ஈடுபாடு." கைத்தட்டல் அடங்கக் காத்திருந்தார். "அதனால ஆணையத்தோட பரிந்துரை என்னன்னா, இனிமே பதிப்பாளர்கள் மத்த பக்கங்களுக்கு வீணா உழைக்க வேண்டியதில்ல."

அமைச்சர் எழுந்து நின்று கைதட்டினார். பதிப்பாளர்களும் எழுந்தார்கள். கமாவின் முதலாளி எல்லோருக்கும் முன்னால் எழுந்தார்.

தங்கை மடியில் இருந்த அறிக்கையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கடைசிப் பக்கத்தில் மாதிரி நூலின் கணக்கு ஒரு சின்னக் கட்டத்துக்குள் இருந்தது. அவள் அதன்மேல் விரலை வைத்து அண்ணனின் பக்கம் நகர்த்தினாள். கமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பழக்கத்தில் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

மொத்தப் பிரதிகள்: 240. வாசிக்கப்பட்டவை: 239. இழப்பு: 1. காரணம்: படிவத்தைப் பூர்த்தி செய்யாமல், குழந்தையுடன் வந்த ஒரு பெண் எடுத்துச் சென்றுவிட்டார்.